ஐந்து மணிக்குப் பலகை நிறைந்திருந்தது

இந்தக் காலத்து ஆட்களுக்கு நடப்பதற்குக்கூட டிக்கெட் வேண்டியிருக்கிறது. தெருமுனைக் கடைக்குப் போய் வா என்றால் வண்டியை எடுப்பார்கள். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் கேட்டில் டிக்கெட் வாங்கி, காட்டுக்குள் நாலு மைல் நடந்துவிட்டு, எதையோ சாதித்துவிட்டவன் மாதிரி என் கடை வாசலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வான். மரத்துக்கு மரம் கயிறு கட்டி அதில் தொங்குகிறார்கள். எல்லாம் பெரிய உத்தியோகம் பார்ப்பவர்கள். தொங்கி முடித்துக் கீழே இறங்கியதும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஊரில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இருக்காது, இங்கே முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடிப்பார்கள்.

பொய்யும் கூடிப்போய்விட்டது. சைக்கிளின் முன்சக்கரத்தை எட்டு மாதிரி வளைத்துக்கொண்டு வந்து, எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்பான். பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டியும் ஆமாம் என்று தலையாட்டுவாள். எட்டு மாதிரி இருந்த சக்கரத்தில் ஏறி ஏரிவரைக்கும் எப்படியப்பா போனாய் என்று கேட்டால் கோபம் வரும். அதனால்தான் நான் யாரையும் நம்புவதில்லை. நம்பாமல் இருந்து எனக்கு எதுவும் கெட்டுப்போனதில்லை என்று போன மழைக்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் காட்டு எஸ்டேட்டை இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பணக்காரர் வேட்டையாடுவதற்காக வளைத்துப் போட்டாராம். நடுவில் பெரிய மாளிகை. அதில் எத்தனை ஜன்னல் என்று எண்ண ஆரம்பித்தவர்கள் யாரும் ஒரே எண்ணிக்கையில் முடித்ததில்லை. ஆட்களை வைத்து ஏரி வெட்டியிருக்கிறார். மான் வெளியே போகாமலிருக்கக் காட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டியிருக்கிறார். குளிர்காலத்தில் ஏரியில் உறையும் பனிக்கட்டியை வெட்டிக் கோடைக்குப் பத்திரப்படுத்த, மண்ணுக்குள் வட்டமாக ஒரு கல்லறை. புதைக்கிற கல்லறை இல்லை, கல்லால் கட்டிய அறை. நாங்கள் அதைப் பனிக்குழி என்போம். அந்த வம்சம் அழிந்து, இப்போது ஒரு நிர்வாகம் நடத்துகிறது. குதிரை கட்டிய இடத்தில் டீயும் கேக்கும் விற்கிறார்கள். ஏரியில் படகு. காட்டில் நடைபாதைகள். காட்டு கேட்டுக்கு வெளியே, புளியங்கொட்டை அளவு இடத்தில், தகரக் கூரை போட்டு என் சைக்கிள் கடை. பதினாலு வாடகை சைக்கிள், ஒரு பம்ப், ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கு முன்னால் மரம் அறுக்கும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன்.

கேட்டை ஒட்டி இரண்டு அறையில் ஒரு கல்வீடு. அதில் இருந்தவள் கேட்காரி. அவளுடைய அப்பன் ஆலையில் என்னோடு அறுப்பு வாளின் மறுமுனையைப் பிடித்தவன். அதனால் நான் அவளுக்குப் பெரியப்பா. அவள் புருஷனை எல்லோரும் நத்தை என்று கூப்பிடுவார்கள். பாதையில் விழும் இலையைக் கூட்டுவது அவன் வேலை. நாலு மைல் பாதையை ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை போவதற்குள் ஆரம்பித்த இடத்தில் மறுபடியும் இலை விழுந்திருக்கும். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதே இல்லை. இவர்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஆறு வீடு மாறியவர்கள். ஒரு வீட்டில் கூரை ஒழுகியது, ஒரு வீட்டில் சொந்தக்காரன் ஒழுங்காக இல்லை. இந்தக் கல்வீட்டில்தான் பதினோரு வருஷம் ஒரே சுவரில் ஆணி அடித்துக் குடியிருந்தார்கள். வீடு கேட் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

அவளுடைய வேலைக்கு ஆதாரம் ஒரு பலகை. அதில் நூற்றிருபது கொக்கி. ஒவ்வொரு கொக்கியிலும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. காட்டுக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லையைக் கழற்றிக் கொடுப்பாள். திரும்பி வருகிறவர் அதை அதே கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஐந்து மணிக்கு மணி அடிப்பாள். பலகை நிறைந்திருந்தால் காட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம், கேட்டைப் பூட்டலாம். ஒரு கொக்கி காலியாக இருந்தால் நத்தை விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருகிறவர்கள் வில்லையைத் தொலைத்தார்கள். வாரத்துக்கு நாலு வில்லையாவது பாதையில் கிடக்கும். தொலைத்தவர் கேட்டில் வந்து தலையைச் சொறிவார். போங்க, அது தானா வந்துடும் என்பாள் இவள். நிஜமாகவே வரும். படகுக்காரன் கண்ணில் பட்டால் அவன் கொண்டுவந்து மாட்டுவான், கயிற்றுக்காரன் கண்ணில் பட்டால் அவன் மாட்டுவான், பாதி வில்லைகளை நத்தைதான் இலையோடு கூட்டி எடுத்துவருவான். திங்கட்கிழமை காலையில் மேனேஜர் வந்து பலகையைத் தூரத்திலிருந்து பார்ப்பார். ஒரு கொக்கி காலியாகத் தெரிந்தால் அரைமணி நேரம் பேச்சு. அதனால் எல்லோருக்கும் பலகை நிறைந்திருக்க வேண்டும் என்பதே கவலையாகிவிட்டது. எந்த வில்லை கீழே கிடந்தாலும் எடு, அதன் எண்ணில் மாட்டு. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. ஆளைப் பார்க்க வைத்த பலகை, வில்லையைப் பார்க்கும் பலகையாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அன்றைக்கு வாரநாள். காலையிலிருந்தே தூறல். மொத்தம் இருபத்துமூன்று பேர் உள்ளே போனார்கள். பதினோரு மணிக்கு அந்த ஆள் வந்தார். அறுபது வயசு இருக்கும். தனி ஆள். கழுத்தில் தூரக் கண்ணாடி, முதுகில் உப்பிப்போன ஒரு பை. என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசும்போது முகத்தைப் பார்க்காதவன் ஒன்று திருடன், இல்லையென்றால் பறவை பார்க்கிறவன். இரண்டுமாகவும் இருக்கலாம்.

ஒன்பதாம் நம்பர் சைக்கிளைக் கேட்டார். என் கடையில் அடமானம் வைக்காமல் சைக்கிள் கிடையாது. அடையாள அட்டையெல்லாம் நான் வாங்குவதில்லை. அட்டையை எவன் வேண்டுமானாலும் அச்சடிப்பான். கையில் இருப்பதை வாங்கி வைப்பேன். அவர் கையில் குடை இருந்தது. மழை வரும்போல இருக்கே என்றார். சைக்கிள்ல குடை பிடிக்க முடியாது என்றேன். கொடுத்துவிட்டார். பழைய குடை, கைப்பிடியில் கம்பி சுற்றியிருந்தது.

அப்புறம் கேட்டுக்குப் போய் நாற்பத்தொன்றாம் நம்பர் வில்லையை வாங்கினார். வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்து, "இது தொலைஞ்சா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். நான் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். என் காதில் நன்றாக விழுந்தது.

"ஒண்ணும் ஆகாது. யாராவது கண்டெடுத்துக் கொண்டாந்து மாட்டிடுவாங்க" என்றாள் இவள்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அந்தச் சிரிப்பை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு நத்தை டீ குடிக்க வந்தான். வழியில் ஓடைப் பாலத்தின் மேல், இந்தப் பக்கத்து முனையில் நாற்பத்தொன்று கிடந்திருக்கிறது. எடுத்து வந்து பலகையில் மாட்டினான். அந்த நேரம் கேட்காரி பின்பக்கம் கழிவறை கழுவிக்கொண்டிருந்தாள். அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, ஈரத் துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விட்டான்.

ஐந்து மணிக்குப் பலகை நிறைந்திருந்தது. அவள் மணி அடித்தாள்.

இனி நான் சொல்லப்போவதை இவ்வளவு நாள் யாரும் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். அன்று மாலை என் கடையில் பதின்மூன்று சைக்கிள்தான் இருந்தது. ஒன்பதாம் நம்பர் வரவில்லை. ஒரு சைக்கிள் குறைந்தால் நான் கேட்காரிக்குக் குரல் கொடுக்க வேண்டும், அவள் நத்தையை ஏரிப் பக்கம் அனுப்பிப் பார்க்கச் சொல்வாள், அதுதான் வழக்கம். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் இரண்டு சைக்கிள் காணாமல் போய், பதினாறு பதினாலாகியிருந்தது. காட்டின் பின்பக்கம் சுற்றுச்சுவர் இடிந்த இடத்தின் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேனேஜரிடம் சொன்னபோது, நீங்க எண்ணினதுதான் தப்பா இருக்கும் தாத்தா என்று சிரித்தார். அவருக்கு என் பேரன் வயசு. அந்தச் சிரிப்பு ஒரு மாதமாக என் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

குடையை எடுத்துப் பார்த்தேன். கம்பி சுற்றிய கைப்பிடி. ஓட்டைக் குடையை விட்டுவிட்டு நல்ல சைக்கிளைக் கொண்டுபோகிறவனுக்கு என்ன நஷ்டம்? முகத்தைப் பார்க்காமல் பேசியபோதே தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லக் கூடாது, விடிந்ததும் நானே போய்ச் சுவர் இடிந்த இடத்தில் ஈர மண்ணில் சக்கரத்தின் தடத்தைப் பார்த்து, மேனேஜரைக் கையோடு கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கேட்காரி பூட்டும்போது வழக்கம்போலக் கேட்டாள், "எல்லாம் வந்துச்சா பெரியப்பா?"

"வந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். அவள் பூட்டினாள். நான் வீட்டுக்கு நடந்தேன். வழியிலேயே மழை வலுத்தது. நான் அந்தக் குடையைத்தான் பிடித்துக்கொண்டு போனேன். அதில் ஓட்டை எதுவும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

காலை ஆறரைக்கு நத்தை துடைப்பத்தோடு பனிக்குழிப் பக்கம் போயிருக்கிறான். கல்லில் கல்லைத் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்த ஆள் அடியில் உட்கார்ந்திருக்கிறார். படியில் பாசி வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துபோயிருக்கிறது. ராத்திரி முழுக்க மழையும் குளிரும். உதடு நீலம் பாரித்து, பேச்சு வரவில்லை. நத்தை அவரைத் தூக்கி, இலை அள்ளும் தள்ளுவண்டியில் கிடத்தி, தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, ஒன்றரை மைல் தள்ளிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அவன் ஓடி வந்தான் என்று கயிற்றுக்காரன் இன்னமும் சொல்வான். நத்தை ஓடி யாரும் பார்த்ததில்லை.

நான் சுவர் இடிந்த இடத்தில் சக்கரத் தடம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது கேட் முன்னால் கூட்டம். என்னைப் பார்த்ததும் படகுக்காரன், உங்க ஒன்பதாம் நம்பர் ஏரிக்கரை ஸ்டாண்டுல நனைஞ்சுகிட்டு நிக்குது பெரியவரே என்றான். என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அதே நேரம் என் கண் அந்தப் பையின் மேல் போனது. தள்ளுவண்டியில் அவர் காலடியில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே மழையில் ஊறிப்போன ஒரு கம்பளி, ஒரு பிளாஸ்க், ஒரு டார்ச். டார்ச்சில் பாட்டரி தீர்ந்திருந்தது. பகலில் பறவை பார்க்க வந்தவனுக்கு டார்ச் எதற்கு? கம்பளி எதற்கு?

ஆஸ்பத்திரி வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போனது. மத்தியானம் மேனேஜர் வந்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உள்ளே ஆள் இருக்கும்போது வில்லை எப்படி மாட்டியிருந்தது என்று கேட்டார். தெரியாது என்றாள். நீ பார்த்துப் பூட்டினாயா, பார்க்காமல் பூட்டினாயா என்றார். பலகையைப் பார்த்துத்தான் பூட்டினேன் என்றாள். ஒரு மனுஷன் செத்திருப்பான் என்று சொல்லி, இரண்டு வாரம் டைம் கொடுத்தார். அதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் முன்னால் ஒரு விசாரணை நடக்கும், அது முறைக்காக என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் முழங்காலில் நின்று சமையலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நத்தை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஈரம் காயாத துடைப்பத்தின் குச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விட்டுட்டுப் போற வீட்டை எதுக்குத் தேய்க்கிறே?" என்றேன்.

"வர்றவ என்னைப் பேசக் கூடாது. பதினோரு வருஷம் இருந்தா, அடுப்படியைப் பாருன்னு சொல்லுவா."

நத்தை தலையைத் தூக்காமல் சொன்னான். "நான்தான் மாட்டினேன், பெரியப்பா."

"வாயை மூடு" என்றாள் அவள். கோபமே இல்லாமல், உப்பை எடு என்பது மாதிரிச் சொன்னாள். பிறகு என்னிடம் தன் கணக்கைச் சொன்னாள். பழி தன் மேல் இருந்தால் தன் வேலையும் வீடும்தான் போகும். இவன் மாட்டினான் என்று தெரிந்தால் இவனுக்கும் கூட்டுகிற வேலை போகும். இவனை வேறு எங்கே வேலைக்கு வைப்பார்கள்? இவன் வேகத்துக்கு ஒரு காடு இருந்தால்தான் முடியும். வெளியே ஒரு அறை பார்த்துக்கொண்டால் இவனுடைய வேலையை வைத்து ஓட்டிவிடலாம். ஒருத்தராவது உள்ளே இருக்கட்டும் என்றாள்.

நான் என் சந்தேகத்தைச் சொன்னேன். வில்லை தொலைந்தால் என்ன ஆகும் என்று அந்த ஆள் கேட்டதை நினைவுபடுத்தினேன். கேட்டுத் தெரிந்துகொண்டு, ஓடைப் பாலத்தருகே வேண்டுமென்றே போட்டிருக்கிறான். வில்லை கிடந்த இடத்துக்கும் பனிக்குழிக்கும் அரை மைல். சட்டைப்பையிலிருந்து நழுவினது என்றால் அவன் வழுக்கி விழுந்த இடத்தில் அல்லவா நழுவ வேண்டும்? பலகையை நிறைய வைத்துவிட்டு, நம்மையெல்லாம் முட்டாளாக்கிவிட்டு, ராத்திரிக் காட்டில் தங்கி ஆந்தை பார்க்கத் திட்டம். அதற்குத்தான் கம்பளி, அதற்குத்தான் டார்ச். கால் முறிந்தது அவன் கணக்கில் வராத விஷயம். விசாரணையில் இதை நான் எழுந்து கேட்கப் போகிறேன் என்றேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தி, குதிகாலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவளுடைய அப்பன் வாள் சிக்கிக்கொண்டால் இப்படித்தான் மரத்தைப் பார்ப்பான்.

"சைக்கிள் எல்லாம் வந்துச்சுன்னு சொன்னீங்களே பெரியப்பா."

நான் அடுப்பில் கொதிக்கும் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"அவரு வேணும்னு போட்டாரோ, கைதவறிப் போட்டாரோ, எனக்குத் தெரியாது. நீங்க ஒண்ணு குறையுதுன்னு சொல்லியிருந்தா இவரை அனுப்பியிருப்பேன். ஆறு மணிக்கெல்லாம் தூக்கிட்டு வந்திருப்பாரு."

"நான் திருட்டுன்னு நினைச்சேன்."

"நீங்க எதைத்தான் திருட்டுன்னு நினைக்கலை? போன வருஷம் நரி உங்க செருப்பைத் தூக்கிட்டுப் போனப்ப படகுக்காரன் மேலதானே சொன்னீங்க."

நத்தை சிரித்துவிட்டான். மூன்று நாளில் அதுதான் அவன் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உருளைக்கிழங்கு வெந்துவிட்டது, சாப்பிட்டுப் போங்க என்றாள். எனக்கு இறங்காது என்று தெரிந்தும் தட்டை வாங்கி முழுக்கத் தின்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கு அன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. மேனேஜரிடம் சைக்கிள் விஷயத்தைச் சொல்லச் சொல்லி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் பத்து நாள் தூங்கவில்லை.

விசாரணை பழைய குதிரை லாயத்துக்கு மேலே உள்ள ஆபீஸில் நடந்தது. ஒரு மேஜை, ஆறு நாற்காலி. சுவரில் அந்தப் பழைய பணக்காரர் சுட்ட மான்களின் கொம்புகள். அந்த ஆள் இரண்டு கக்கத்திலும் கட்டையோடு வந்து உட்கார்ந்தார். நான் குடையைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். நன்றி என்றார். அன்றைக்கு முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மேனேஜர் கேட்டதற்கு அவர் சொன்னது இது. ஓடைப் பாலத்தில் நின்று தூரக் கண்ணாடியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது வில்லை விழுந்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பனிக்குழி என்ன என்று பார்க்க இறங்கினார், வழுக்கியது. மணி அடித்தது காதில் விழுந்தது. போனில் சிக்னல் இல்லை. கத்தினார். கல்சுவர் சத்தத்தை வெளியே விடவில்லை. எப்படியும் ஆள் வரும், நம் வில்லை பலகையில் இல்லையே என்று தைரியமாக இருந்தார். இருட்டிய பிறகும் இருந்தார்.

"எனக்கு இந்த அம்மா மேல வருத்தம் எதுவும் இல்லைங்க" என்றார். மேனேஜர், உங்க நல்ல மனசு சார், ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கே என்றார். கேட்காரியைப் பார்த்து, கடைசியாகக் கேட்கிறேன், அந்த வில்லை பலகைக்கு எப்படி வந்தது என்றார்.

"என் தப்புதாங்க" என்று அவள் ஆரம்பித்தாள்.

நத்தை எழுந்து நின்றான். எழுந்து நிற்பதற்கே அவனுக்கு நேரம் பிடித்தது. எல்லோரும் காத்திருந்தோம். "கீழே கிடந்துச்சு. நான் மாட்டினேன். பதினோரு வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கேன். திங்கக்கிழமை காலியா இருந்தா நீங்க திட்டுவீங்க" என்றான். அவனுடைய பேச்சில் அவ்வளவு நீளமானது நான் கேட்டதில்லை. மேனேஜர் மேஜையில் இருந்த பேனாவை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். இரண்டு பேர் வேலையும் ஒன்றாகக் காலி என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. நான் என்ன கேட்க வந்தேனோ அது நாக்கு நுனியில் நின்றது. கம்பளி, டார்ச், அரை மைல். அதைக் கேட்டால் அந்த ஆள் அகப்பட்டுக்கொள்வாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதைச் சொன்னேன்.

"சாயங்காலம் என்கிட்ட ஒரு சைக்கிள் குறைஞ்சுது. இந்தப் பொண்ணு கேட்டா. எல்லாம் வந்துச்சுன்னு பொய் சொன்னேன்."

ஏன் என்று மேனேஜர் கேட்டார்.

"நீங்க போன மாசம் சிரிச்சீங்கல்ல, அதுக்கு."

அந்த ஆள் மெதுவாக, "அப்ப என்னைத் திருடன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குடையைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேனேஜர் வெளியே போய் யாரோடோ போனில் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார். பலகையை எடுத்துவிடுவார்கள். இனி உள்ளே போகிறவர் பேரும் போன் நம்பரும் எழுதி, வெளியே வரும்போது ஆளைப் பார்த்துப் பேரைக் கோடிட்டு அடிக்க வேண்டும். கேட்காரி வேலையில் இருக்கலாம், வீடும் இருக்கும், எச்சரிக்கைக் கடிதம் வரும். நத்தைக்கும் ஒரு கடிதம். வாடகை சைக்கிள் மாசக் கடைசியிலிருந்து நிர்வாகமே உள்ளே நடத்தும். கேட் முன்னால் தகரக் கூரை கூடாது.

ஆக, என் கடை போனது. சரிதான் என்றேன். வேறு என்ன சொல்வது?

படி இறங்கும்போது அந்த ஆளுக்குக் கட்டை வழுக்காமலிருக்க நத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். கீழே வந்ததும் கேட்காரி அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். என்னையும் விடவில்லை. மூன்று நாற்காலிதான் இருந்தது. நத்தை வாசற்படியில் உட்கார்ந்தான். டீயை ஊற்றிக்கொண்டே அவள் சுவரில் மாட்டியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள். கட்டி வைத்த மூட்டைகள் இரண்டு மூலையில் இன்னும் அவிழ்க்காமல் கிடந்தன. நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும். பகல்ல வந்தவருக்குக் கம்பளி எதுக்கு?"

அவள் என்னை முறைத்தாள். அந்த ஆள் சிரித்தார். "இடுப்பு வலிங்க. ஈரத் தரையில விரிச்சு உட்காரத்தான்."

"டார்ச்சு?"

"மரப்பொந்துக்குள்ள அடிச்சுப் பார்ப்பேன்."

எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. நிஜத்துக்கும் பதில் தயாராக இருக்கும், பொய்க்கும் இருக்கும். அப்புறம் அவராகவே, யாரும் கேட்காமல், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். ராத்திரி மழை விட்ட நேரத்தில் பனிக்குழிக்கு நேர் மேலே ஒரு ஆந்தை வந்து உட்கார்ந்ததாம். மூன்று தடவை கூப்பிட்டதாம். எதிர்ப்பக்கத்திலிருந்து அதன் ஜோடி பதில் கொடுத்ததாம். இருபது வருஷமாக அதைக் கேட்க அலைந்தேன் என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கால் முறிந்து ராத்திரியெல்லாம் குழியில் கிடந்தவன் முகமா அது? கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுப் போகிறவன் முகம்.

வண்டி வந்து அவர் கிளம்பிப் போனார். நத்தை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனான். நான் கேட்காரியிடம், பார்த்தாயா அந்த முகத்தை, இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டேன்.

அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இருட்டுல தனியாக் கிடந்தா ஒரு பறவைச் சத்தம்கூடத் துணைதான், பெரியப்பா. அதை நினைச்சுச் சந்தோஷப்பட்டாரு" என்றாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். பிறகு சொன்னாள், "அவரு வேணும்னு செஞ்சிருந்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால அப்படியே நினைச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

அவள் பாத்திரங்களை எடுத்து அலமாரியில் பழைய இடத்தில் அடுக்க ஆரம்பித்தாள். நான் வெளியே வந்தேன். தகரக் கூரையைப் பிரிக்க ஆள் வேண்டும், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டைத் தாண்டி வீட்டுப் பாதையில் நடந்தேன். கைக்குட்டையை எடுக்கும்போது விழுந்ததாம். மரப் பாலம் அது. பித்தளை மரத்தில் விழுந்தால் சத்தம் கேட்காதா? ஆந்தை கூப்பிட்டதை மூன்று தடவை என்று எண்ணத் தெரிந்த காது அது. என்னிடம் யார் என்ன சொன்னாலும் சரி.